வலது கை, ஏதாவது ஒரு கால்

அமலராணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அஸ்தினாபுரத்தில் வீடு. பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளியிருக்கும் பதினான்கு படுக்கைப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். தினமும் காலையில் குரோம்பேட்டையில் ரயில் ஏறிப் பெருங்களத்தூரில் இறங்குவார். அந்த நேரத்தில் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில் போவதால் உட்கார இடம் கிடைக்கும். இந்த வேலையில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்று யாராவது கேட்டால், அந்த உட்காரும் இடத்தைத்தான் சொல்வார். வேறென்ன பிடிக்கும் என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

அவருடைய கணவர் சவுரிமுத்து பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் பெரிய பேச்சு இருக்காது. இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அமலராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிறந்த குழந்தையைச் சுற்றி நின்று எல்லோரும் மூக்கு யாருடையது, காது யாருடையது என்று பங்கு பிரித்துக்கொண்டிருக்கும்போது, இவர் துணியை விலக்கிக் குழந்தையின் தொடை இடுக்கில் இரண்டு விரல்களை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நிற்பார். நாடி பார்க்கிறார். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். பிறகு பாதங்களைத் தொட்டுப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'கால் சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். ஆட்சேபம் தெரிவித்ததில்லை.

இந்தப் பழக்கம் வந்தது பதினேழு வருடங்களுக்கு முன்னால். அப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. நன்றாக அழுதது, நன்றாகப் பால் குடித்தது, இரண்டாம் நாள் வீட்டுக்குப் போனது. ஐந்தாம் நாள் ஆட்டோவில் திரும்பி வந்தது. உடம்பு சாம்பல் நிறத்தில் இருந்தது. கால்கள் ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தன. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. டூட்டி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "சில சமயம் இப்படி ஆகும் சிஸ்டர்" என்றார்.

அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுத்து அனுப்பியவர் அமலராணி. 'சில சமயம்' என்ற பதில் அவருக்குப் போதவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த, தன்னைவிடப் பத்து வயது சின்னவரான ஒரு பயிற்சி டாக்டரைக் கேண்டீனில் பிடித்து உட்கார வைத்தார். அந்த டாக்டர் ரத்தப் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். அமலராணி மூன்று முறை சொல்லவைத்தார். மூன்றாவது முறை சொல்லும்போது டாக்டருடைய தோசை ஆறிப்போயிருந்தது.

அவர் சொன்னது இதுதான். வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலுக்கு வேலை கிடையாது. ஆக்சிஜன் தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்துவிடுகிறது. அதனால் ரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றிப் போகாமலிருக்க இரண்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. ஒன்று, இருதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டை. அதற்கு ஒரு சவ்வுக் கதவு உண்டு. இன்னொன்று, நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாயிலிருந்து, உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற மகாதமனிக்கு நேராகப் போய்ச் சேரும் ஒரு சின்னக் குழாய்.

குழந்தை பிறந்து முதல் தடவை அழும்போது நுரையீரல் விரிகிறது. அதுவரை வெளியே நின்ற ரத்தம் உள்ளே பாய்ந்து, ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு இருதயத்தின் இடது பக்கம் வந்து சேருகிறது. இடது பக்கத்தில் அழுத்தம் ஏறியதும் அந்தச் சவ்வுக் கதவு ஓட்டையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சின்னக் குழாய் மட்டும் அவசரப்படாது. ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டு மெதுவாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். இதெல்லாம் ஒவ்வொரு குழந்தைக்கும் தானாக நடக்கிறது. குழந்தைக்கும் தெரியாது, பார்க்க வந்தவர்களுக்கும் தெரியாது.

"அப்போ அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் அமலராணி.

மகாதமனி தலைக்கும் கைகளுக்கும் கிளை பிரித்துவிட்டுக் கீழே இறங்குகிற இடத்தில், சில குழந்தைகளுக்கு நூல் மாதிரி ஒடுங்கியிருக்கும் என்றார் டாக்டர். அவர்களுடைய நெஞ்சுக்குக் கீழே போகிற ரத்தம் முழுக்க அந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் போகிறது. அது திறந்திருக்கும்வரை குழந்தை நன்றாக இருக்கும். மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் மூடுகிற மாதிரி இவர்களுக்கும் அது மூட ஆரம்பித்தால், கால், குடல், சிறுநீரகம் எதற்கும் ரத்தம் போகாது.

"முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா டாக்டர்?"

"நிறைய பேருக்குக் கண்டுபிடிச்சிடலாம். தொடையில நாடி பாருங்க. வலது கையிலயும் ஒரு கால்லயும் ஆக்சிஜன் அளவு பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இருந்தா வீட்டுக்கு விடாதீங்க."

"எந்தக் கால்?"

"ஏதாவது ஒரு கால்."

அன்றிலிருந்து அமலராணி பார்த்துக்கொண்டிருக்கிறார். பெருங்களத்தூருக்கு வேலை மாறி வந்ததும், பிறந்த குழந்தைகளின் விரலுக்கும் பாதத்துக்கும் ஒட்டுகிற மாதிரியான ஆக்சிஜன் மானி வேண்டும் என்று ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் சுப்ரஜாவிடம் கேட்டார். ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை கேட்டார். இரண்டு வருடம் கேட்ட பிறகு சுப்ரஜா வாங்கிக் கொடுத்துவிட்டார். குழந்தைகளின் ஃபைலில் இரண்டு கட்டங்கள் புதிதாக அச்சடிக்கப்பட்டன. வலது கை. ஏதாவது ஒரு கால். பிறந்து இருபத்திநான்கு மணி நேரம் ஆனதும் இரண்டையும் நிரப்ப வேண்டும். எட்டு வருடங்களில் அந்தக் கட்டங்களில் பயப்படும்படியான எண் ஒன்றுகூட விழவில்லை. அவரும் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இந்த வருடம் காணும் பொங்கலன்று, ஒரு சனிக்கிழமை காலை, ரூக்சார் என்ற பெண்ணுக்கு அங்கே சுகப்பிரசவத்தில் ஆண் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம். ரூக்சாரின் தகப்பனார் ஜலால் பெருங்களத்தூரிலேயே டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கணவன் உஸ்மான் புதுக் கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கும் பிளம்பர். ஜலால் குழந்தையின் காதில் பாங்கு சொன்னார். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. அமலராணி நாடி பார்த்தார். இருந்தது. கால் வெதுவெதுப்பாக இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ரூக்சார் புர்காவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பைகள் கட்டியாகிவிட்டன. டிஸ்சார்ஜ் தாளில் சுப்ரஜாவின் கையெழுத்து விழுந்திருந்தது. உஸ்மான் காரை வாசலில் திருப்பி நிறுத்தியிருந்தான். வீட்டில் சொந்தக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஜலாலுக்குப் போன் வந்தபடி இருந்தது.

அமலராணி ஃபைலைப் புரட்டினார். வலது கை: தொண்ணூற்றேழு. அடுத்த கட்டத்தில் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை டூட்டியில் இருந்த நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். "கால் சில்லுனு இருந்துச்சுக்கா. மிஷின் எடுக்கல. அப்புறமா பார்க்கலாம்னு விட்டேன், அதுக்குள்ள ஒரு டெலிவரி வந்திருச்சு" என்றாள் அவள்.

"கிளம்பலாமா சிஸ்டர்?" என்றார் ஜலால்.

"ஒரு கட்டம் காலியா இருக்கு பாய்."

"அதுக்கென்ன. நல்ல நம்பரா பார்த்து நீங்களே போட்டுடுங்க."

அமலராணி குழந்தையைக் கையில் வாங்கினார். நல்ல தூக்கத்தில் இருந்தது.

"பால் குடிச்சானா?"

"காலைல சரியா குடிக்கல சிஸ்டர்" என்றாள் ரூக்சார். "தூங்கிட்டே இருக்கான். தங்கமான புள்ள, அழவே மாட்டேங்குறான்னு நேத்து வந்தவங்க எல்லாம் சொல்லிட்டுப் போனாங்க."

"ஒண்ணுக்குப் போனானா?"

ரூக்சார் யோசித்தாள். "நேத்து சாயங்காலம் போனான்."

அமலராணி துணியை விலக்கி, தொடை இடுக்கில் இரண்டு விரல்களை வைத்தார். சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர் மாட்டியிருந்தது. வழக்கமாகப் பத்து விநாடி நிற்பவர் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றார். விரலுக்குக் கீழே ஒன்றும் துடிக்கவில்லை. மறுபக்கம் வைத்துப் பார்த்தார். ஏதோ இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. தன்னுடைய விரலின் நாடியைத்தான் உணர்கிறோமோ என்று சந்தேகம் வந்தது.

மானியை வலது கையில் ஒட்டினார். தொண்ணூற்றேழு. கழற்றி வலது பாதத்தில் ஒட்டினார். மிஷின் வெகுநேரம் தேடிவிட்டு எண்பத்தைந்து என்றது. இடது பாதம். எண்பத்தாறு.

"மிஷின் ரிப்பேர்" என்றார் ஜலால். "வேணும்னா என் விரல்ல வெச்சுப் பாருங்க."

அமலராணி அவருடைய விரலில் வைத்தார். தொண்ணூற்றாறு.

"செருப்பைக் கழட்டுங்க பாய்."

ஜலால் கழற்றினார். அமலராணி கால் சுண்டுவிரலில் ஒட்டினார். தொண்ணூற்றாறு. இருவரும் மிஷினைப் பார்த்தார்கள். ஜலால் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குச் சொன்னார்: "வர லேட்டாவும். சாப்பிட்டுடுங்க."

குழந்தைகள் டாக்டர் ஜெயகிருஷ்ணன் பத்து மணிக்கு வருகிறவர். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களெல்லாம் திரும்பிக்கொண்டிருந்த காலை அது. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கிலிருந்து வந்த பஸ்களும் கார்களும் தாம்பரம் நோக்கி வரிசையாக நின்றன. காரைப் பெட்ரோல் பங்க்கில் போட்டுவிட்டு டாக்டர் நடந்தே வந்தார். அமலராணி போனில் சொன்ன இரண்டு எண்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்ததாகப் பிறகு சொன்னார். வந்ததும் குழந்தையின் தொடையில் விரலை வைத்தார். அவரும் காலண்டரைத்தான் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி பார்த்த பெண் பதற்றத்தில் ஆக்சிஜன் குழாயை இழுத்துக்கொண்டு வந்து குழந்தையின் மூக்கருகே வைத்தாள். "அதை எடும்மா" என்றார் டாக்டர். "ஆக்சிஜன் ஜாஸ்தி ஆனா அந்தக் குழாய் இன்னும் சீக்கிரமா மூடும். இவனுக்கு அது மூடக் கூடாது." அமலராணி குழாயை வாங்கி ஓரமாக வைத்தார்.

டாக்டர் நகரத்திலிருந்த இருதய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். அவர்கள் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். அதற்கு முன் அந்தச் சின்னக் குழாயைத் திறந்து வைக்கும் மருந்தை டிரிப்பில் ஏற்றிவிடும்படி சொன்னார்கள். மருந்து பிரசவ ஆஸ்பத்திரியில் இல்லை. விசாரித்ததில், குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடையின் ஃப்ரிஜ்ஜில் இருப்பது தெரிந்தது.

டாக்டர் ஜெயகிருஷ்ணன் உஸ்மானை வராந்தாவில் உட்காரவைத்து விளக்க ஆரம்பித்தார். பெற்றோருக்குச் சொல்வதற்கென்று அவரிடம் ஒரு உதாரணம் இருந்தது. "இப்ப வீட்டுல மேல ஒரு டேங்க் இருக்குன்னு வெச்சுக்குங்க. அதுலேருந்து மெயின் லைன் கீழ இறங்குது. அது அடைச்சுக்குச்சு. பக்கத்துல பழைய பைபாஸ் லைன் ஒண்ணு இருக்கு, வேற மோட்டார்லேருந்து வர்றது…"

"சார்" என்றான் உஸ்மான், "ரெண்டு மோட்டாரை ஒரே லைன்ல கோத்தா ஒண்ணு ரிவர்ஸ் அடிக்கும் சார். யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

டாக்டர் அவனைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை?"

"பிளம்பர் சார். நேரா சொல்லுங்க. பொழைப்பானா?"

டாக்டர் உதாரணத்தை விட்டுவிட்டு நேராகச் சொன்னார். ரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கிறது என்று நினைக்கிறார். ஸ்கேன் எடுத்தால் உறுதியாகும். ஆபரேஷனில் சரிசெய்ய முடியும். அதுவரை அந்தச் சின்னக் குழாய் மூடாமலிருக்க வேண்டும். மருந்து சீக்கிரம் வந்தால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. உஸ்மான் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். மாமனாரிடம் கார் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு வார்டு பையனிடம் பைக்கை வாங்கிக்கொண்டு போனான்.

இருபது கிலோமீட்டர் போய்வர அன்று காலை சாதாரணமாக இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். உஸ்மானுக்கு அந்தப் பக்கத்தில் தான் குழாய் போடாத தெரு குறைவு. அவன் ஜி.எஸ்.டி. சாலையைத் தொடவேயில்லை. ஐம்பத்தைந்து நிமிடத்தில் தெர்மக்கோல் பெட்டியைச் சட்டைக்குள் அணைத்தபடி திரும்பி வந்தான்.

அந்த ஐம்பத்தைந்து நிமிடமும் அமலராணி குழந்தையின் பக்கத்திலேயே நின்றார். கையில் ஊசி போட நரம்பு பார்த்துவைத்தார். பாதத்தைத் தொட்டார். முதலில் குளிர்ச்சி கணுக்கால் வரை இருந்தது. பிறகு முழங்கால் வரை ஏறியது. குழந்தை வேகமாக மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரூக்சார் புர்காவோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை மட்டும், "நான் அழுதா அவனுக்கு ஏதாவது ஆகுமா சிஸ்டர்?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. அழு."

ரூக்சார் அழுதாள். அமலராணி அவளுக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பாதத்தைத் தொட்டார்.

மருந்து வந்ததும் ஜெயகிருஷ்ணன் அளவைக் கணக்கிட்டார். அமலராணி தனியாகக் கணக்கிட்டார். இரண்டும் ஒன்றாக வந்த பிறகு ஊசிப் பம்ப்பில் மாட்டினார்கள்.

"இந்த மருந்துல ஒரு சிக்கல் இருக்கு சிஸ்டர்" என்றார் டாக்டர். "சில குழந்தைங்க மூச்சு விட மறந்துடும். ஞாபகப்படுத்திட்டே இருக்கணும்."

"எப்படி?"

"பாதத்துல சுண்டணும்."

அமலராணி தலையை ஆட்டினார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மாரி இரும்புலியூரிலிருந்து வந்து வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான். குழந்தையை ஏற்றி, டாக்டர் தலைமாட்டிலும் அமலராணி கால்மாட்டிலும் உட்கார்ந்தார்கள். டாக்டரின் கையில் செயற்கை மூச்சுக் கொடுக்கும் பை இருந்தது. மறுகையில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து வண்டியில் போனால் தனக்கு வாந்தி வரும் என்று அவர் சொன்னார். வெட்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை. ரூக்சாரும் ஜலாலும் உஸ்மானும் காரில் பின்னால் வந்தார்கள்.

ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. முன்னால் பஸ்கள். பஸ்களின் மேல் அரிசி மூட்டைகள். சைரன் அலறியது.

"இன்னா பண்றது சார்" என்றான் மாரி. "வழி வுடணும்னு அவனுங்களுக்கும் ஆசதான். எங்க வுடுவான்? சைடுல எடமே இல்ல. காலைலேருந்து இந்தப் பக்கம் ரோடு இப்படித்தான் கீது."

பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் கரும்புக் கட்டோடு இறங்கினார். நடுரோட்டில் நின்று, கரும்பைக் கம்பு மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஒரு காரை இடதுபக்கம் ஒதுக்கச் சொன்னார். பிறகு இன்னொரு காரை. அவரைப் பார்த்து வேறு நாலு பேர் இறங்கினார்கள். மாரி அந்த இடைவெளியில் வண்டியைச் செருகினான்.

முதல் முறை குழந்தை மூச்சை நிறுத்தியது அப்போதுதான். நெஞ்சு அசையவில்லை. அமலராணி பாதத்தில் சுண்டினார். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டு மூச்சு விட்டது. இரும்புலியூர் வருவதற்குள் இன்னும் மூன்று முறை மறந்தது. தாம்பரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை. அமலராணி எண்ணிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் சுண்டியதும் குழந்தை சலித்துக்கொள்வது போல ஒரு சத்தம் போட்டு மூச்சை இழுத்தது.

சானடோரியம் பக்கத்தில் ஏழாவது முறை. சுண்டினார். அசையவில்லை. இன்னொரு முறை, பலமாக. அசையவில்லை. உதடு நீலமாயிற்று.

"டாக்டர்."

ஜெயகிருஷ்ணன் பிளாஸ்டிக் கவரைக் கீழே போட்டுவிட்டு முகமூடியைக் குழந்தையின் முகத்தில் வைத்துப் பையை அமுக்கினார். அமலராணி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. அவருடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எண்ணிக்கொண்டிருந்தது மூச்சையா, வேறு எதையாவதா என்று அவருக்கே அப்போது தெரியவில்லை. முப்பதுக்கு மேல் போனதும் குழந்தை இருமியது. தானாக ஒரு மூச்சு. இன்னொன்று. டாக்டர் முகமூடியை எடுத்தார். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தார். கவரைக் குனிந்து எடுத்து, அதில் வாந்தி எடுத்தார்.

"சார், வண்டிய நிறுத்தவா?" என்றான் மாரி.

"நிறுத்தாத."

குரோம்பேட்டை தாண்டியதும் கூட்டம் சற்று நகர ஆரம்பித்தது. அமலராணி பாதத்தில் விரலை வைத்தபடியே வந்தார். அது வெதுவெதுப்பாக இருப்பது போலத் தோன்றியது. தோன்றுவதை நம்பாமல் துணியை விலக்கித் தொடை இடுக்கில் விரலை வைத்தார். வண்டி ஆடிய ஆட்டத்தில் ஒன்றும் புரியவில்லை. பல்லாவரம் மேம்பாலத்தில் வண்டி ஒரே சீராக ஓடிய அந்தக் கொஞ்ச நேரத்தில், விரலுக்கு அடியில் துடித்தது. பலவீனமாக, ஆனால் தப்பாமல்.

"இருக்கு" என்றார்.

டாக்டர் தானும் பார்ப்பதற்காகக் குனிந்தார். அந்தச் சமயத்தில் குழந்தை சிறுநீர் கழித்தது. பதினெட்டு மணி நேரமாகப் போகாத சிறுநீர். அது டாக்டரின் சட்டைப் பையில் தொடங்கிக் காலர் வரை போயிற்று. ஜெயகிருஷ்ணன் அசையாமல் உட்கார்ந்து அதை முழுவதுமாக வாங்கிக்கொண்டார். சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது. மருந்து வேலை செய்கிறது. டாக்டருடைய கண்ணாடியில் இரண்டு சொட்டு இருந்தது. அவர் சிரித்தார். அமலராணி நேரத்தைக் குறித்துக்கொண்டார்: ஒன்று பதினேழு.

இருதய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஜெயகிருஷ்ணன் சொன்னதுதான். மகாதமனி கீழே இறங்குகிற இடத்தில் ஒடுங்கியிருந்தது. நான்காவது நாள் இடது விலாப் பக்கம் திறந்து, ஒடுங்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். அதன் பிறகு அந்தச் சின்னக் குழாய்க்கு வேலையில்லை. அதையும் கட்டிவிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை குழந்தையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும் அமலராணி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மாரியின் வண்டியிலேயே திரும்பினார். வீட்டில் சவுரிமுத்துவிடம் நடந்ததைச் சொன்னார். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "பெருங்களத்தூர்லேருந்து பல்லாவரம் எவ்ளோ நேரம் ஆச்சு?" என்றார். அமலராணி சொன்னார். "இன்னைக்கு இருக்கிற டிராஃபிக்குக்கு அது பரவால்ல" என்றார் முன்னாள் டிப்போ மெக்கானிக்.

மறுநாள் காலை அமலராணி அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் அழத் தயாராக வந்தாள். அமலராணி திட்டவில்லை. அன்று பிறந்திருந்த ஒரு பெண் குழந்தையிடம் அழைத்துப் போய், அவளுடைய விரல்களைப் பிடித்துத் தொடை இடுக்கில் வைத்தார். "துடிக்குதா?"

"துடிக்குதுக்கா."

"இது இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு நேத்துதான் விரல்ல தெரிஞ்சுது. உனக்கு அது தெரியவே வேணாம். ஆனா கட்டத்தைக் காலியா விடாத."

மூன்று வாரம் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தது. அதீப் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்ததற்காக வைக்கிற, தள்ளிப்போட்டிருந்த அகீகா விருந்தை ஏப்ரலில் வைத்தார்கள். அமலராணியையும் சவுரிமுத்துவையும் ஜலால் நேரில் வந்து அழைத்தார். ஜெயகிருஷ்ணனும் வருவதாக இருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு பிரசவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன் ஜலால் அமலராணியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொண்ணா பொறந்திருந்தா உங்க பேரையே வெச்சிருப்போம் சிஸ்டர்" என்றார்.

"அமலராணின்னா வெச்சிருப்பீங்க பாய்?"

ஜலால் பொய் சொல்கிற ஆள் இல்லை. "வெச்சிருக்க மாட்டோம்" என்றார். "ஆனா பேசியிருப்போம்."

அமலராணி சிரித்தார். ரூக்சார் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே கோடு போல ஒரு தழும்பு இருந்தது. அதீப் அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. சவுரிமுத்து வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "அந்தப் பையன் ஓடியாடி விளையாடுவானா?" என்றார்.

"விளையாடுவான். வருஷா வருஷம் ஸ்கேன் பார்க்கணும். பிரஷர் பார்த்துக்கிட்டே இருக்கணும். தைச்ச இடம் திரும்ப ஒடுங்கினாலும் ஒடுங்கலாம். ஆனா விளையாடுவான்."

"எவ்ளோ வருஷத்துக்குப் பார்க்கணும்?"

"இருக்கிறவரைக்கும்."

சவுரிமுத்து தலையை ஆட்டினார். குரோம்பேட்டையில் இறங்கி, மார்க்கெட்டில் கத்தரிக்காயும் ஒரு கட்டு முளைக்கீரையும் வாங்கிக்கொண்டு, அஸ்தினாபுரம் போகிற ஷேர் ஆட்டோவுக்காக இருவரும் நின்றார்கள்.